பழுப்பை எண்ணுகிறவர்

முதலில் ஓரத்தைத்தான் பார்ப்பார். ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் ஏற்றியதும் மற்றவர்கள் நேராக நோயாளியின் கட்டிக்குப் போய்விடுவார்கள். சதவீதம் அக்கா மட்டும் அந்தக் கண்ணாடி ஸ்லைடை ஒரு கோடிக்கு நகர்த்தி, அங்கே தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சதைத் துணுக்கைத் தேடிப் போவார். அது நன்றாகப் பழுப்பேறியிருந்தால் "ம், பாப்பா வந்தாச்சு" என்று சொல்லி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வேலையை ஆரம்பிப்பார். பழுப்பேறவில்லை என்றால், அன்றைக்குச் சாயம் போட்டவர் யாரோ அவருக்கு நாள் சரியில்லை என்று அர்த்தம்.

வேலை இதுதான்: மனித மூளையிலிருந்து வெட்டியெடுத்த கட்டி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று அளப்பது. கட்டியை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் போடுவார்கள். பெருகுவதற்கு ஆயத்தமாகிவிட்ட செல் பழுப்பாகத் தெரியும். சும்மா கிடக்கிற செல் நீலமாகத் தெரியும். நூறு செல்லில் பழுப்பு எத்தனை என்பதுதான் அக்கா சொல்ல வேண்டிய எண். அது டாக்டரின் அறிக்கையில் ஒரு வரியாகப் போய் உட்காரும். அந்த வரியைப் படித்துவிட்டு ஏதோ ஒரு குடும்பம் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழும், அல்லது அழாமல் பஸ் ஏறும். அக்கா அதையெல்லாம் பார்த்ததில்லை. அவருடைய அறைக்கு ஜன்னலே கிடையாது.

இரண்டு கையிலும் இரண்டு கவுண்ட்டர். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் எஃகு உருண்டைகள். கட்டைவிரலால் அழுத்தினால் டிக்கென்று ஒன்று கூடும். இடது கை நீலத்துக்கு, வலது கை பழுப்புக்கு. வலது கைக் கவுண்ட்டருக்கு வயதாகிவிட்டது. பக்கத்திலிருக்கும் திருகைத் திருப்பிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும்போது 'கிர்ர்ர்' என்று தொண்டையைச் செருமும். மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்தச் சத்தத்துக்காகவே அதைக் கைப்பையிலிருந்து திருடிக்கொண்டு போய், கட்டிலுக்கு அடியில் படுத்துத் திருகிக்கொண்டிருப்பாள். "வைடி அதை! யாரோ ஒருத்தர் தலையெழுத்து அதுல இருக்கு" என்று அக்கா சமையலறையிலிருந்து கத்துவார். எந்த அறையில் திருகினாலும் அந்தச் செருமல் வீடு முழுக்கக் கேட்கும்.

பக்கத்து மேசையில் இப்போது ஒரு கம்ப்யூட்டரும் எண்ணுகிறது. டாக்டரம்மா இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். அக்காவுக்கு அதன் மேல் மரியாதை இல்லை. "அது பழுப்பா எதைப் பாத்தாலும் எண்ணிடும். கட்டியும் தெரியாது, காயமும் தெரியாது. கண்ணு மட்டும்தான் இருக்கு, மூளை இல்ல" என்பார். இந்த வாக்கியத்தை அந்த லேபில் வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவரும் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவார்கள்.

எண்ணுகிற பழக்கம் லேபோடு நிற்பதில்லை. அதனால்தான் அந்தப் பட்டப்பெயரே வந்தது. பஸ்ஸில் ஏறினால், "நூத்துக்கு அறுபது பேர் தூங்கறாங்க, மிச்சம் பேர் யாராவது நிக்கறதைப் பாத்துட்டுத் தூங்கற மாதிரி நடிக்கறாங்க" என்பார். கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, "நாப்பது பர்சென்ட் சாப்பாட்டுக்கு வந்தது, நாப்பது பர்சென்ட் குறை சொல்ல வந்தது" என்பார். மீதி இருபது? "நம்மள மாதிரி வேற வழியில்லாம வந்தது." வீட்டுக்காரர் எதையாவது சொல்ல ஆரம்பித்தால், "இதுல எவ்வளவு நிஜம்? இருபது பர்சென்ட் இருக்குமா?" என்று குறுக்கே விழுவார். அந்த மனிதர் நல்ல பொறுமைசாலி. "அந்த இருபதையும் நீயே வெச்சுக்கோ" என்று பேப்பருக்குள் போய்விடுவார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாத விஷயம் வேறு. கட்டி முழுவதும் ஒரே மாதிரி பெருகுவதில்லை. ஓரிடத்தில் பழுப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும், இன்னோரிடத்தில் மொய்த்துக்கொண்டிருக்கும். மொய்க்கிற இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து அங்கேதான் எண்ண வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முறை. "எங்க மோசமோ அங்கதான் கண்ணு நிக்கணும். மிச்ச இடமெல்லாம் வெறும் மினுக்கு" என்று அக்கா சொல்வார். கட்டிக்கு அது சரிதான். அக்கா அதை வீட்டுக்கும் எடுத்து வந்தார். கழுவி அடுக்கிய தட்டில் கறை எங்கே என்று தேடுவார். மகளின் மதிப்பெண் அட்டையில் மற்றவையெல்லாம் தொண்ணூறைத் தொட்டிருக்கும்போது, "இந்த அறுபத்தொண்ணு எப்படி வந்துச்சு?" என்று விரலை அங்கே கொண்டுபோய் வைப்பார். மகள் நன்றாகப் பாடுவாள் என்று ஊரெல்லாம் சொன்னது. மூன்றாவது வரியில் மூச்சு வாங்கியது என்று அம்மா சொன்னார்.

அந்தப் பாப்பா யார் என்று சொல்ல வேண்டும். சாயம் ஒழுங்காகப் பிடித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, நிச்சயமாகப் பழுப்பேறக்கூடிய வேறொரு சதையையும் அதே கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டுவார்கள். டான்சில் இதற்கு வாகானது. அதில் செல்கள் ஓயாமல் பெருகிக்கொண்டேயிருக்கும். மகளுக்கு ஏழு வயதில் மாதம் தவறாமல் தொண்டை வீங்கி, கடைசியில் டான்சிலை வெட்டி எடுத்தார்கள். இதே ஆஸ்பத்திரியில்தான். அது இதே லேபுக்குத்தான் வந்தது. அந்தச் சமயம் பார்த்து லேபில் டான்சில் தீர்ந்துபோயிருந்தது. "இதையே வெச்சுக்கலாமே, நான் கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்று அக்காவேதான் சொன்னார். அன்றிலிருந்து அந்த மெழுகுக் கட்டிகளுக்குப் பாப்பா என்று பெயராகிவிட்டது. யாருடைய மூளைக் கட்டி வந்தாலும் ஓரத்தில் பாப்பாவும் ஒட்டிக்கொண்டிருப்பாள். அக்காவுக்கு அதில் கொள்ளைப் பெருமை. "எம் பொண்ணோடது மாதிரி பழுப்பு எந்த ஆஸ்பத்திரியிலயும் கிடைக்காது" என்பார். தொண்ணூறுகளுக்கு இல்லாத பாராட்டு டான்சிலுக்குக் கிடைத்தது.

வெளியே அந்தப் பெண் வளர்ந்தாள், படித்தாள், வேலைக்குப் போனாள், ஒரு நீச்சல் மாஸ்டரைக் கட்டிக்கொள்ளப் போவதாக வந்து நின்றாள். மாஸ்டர் பெண் கேட்டு வந்த அன்றைக்கு அவர் தலை ஈரமாக இருந்தது. நேரே நீச்சல் குளத்திலிருந்து வந்திருந்தார். அக்கா வேறெதையும் பார்க்கவில்லை.

"இந்த வயசுலயும் தண்ணியில குதிக்கறதுதான் உத்தியோகமா?"

"குதிக்கறது இல்ல ஆன்ட்டி. மத்தவங்க முங்காம பாத்துக்கறது" என்று சிரித்தார் மாஸ்டர்.

வீட்டுக்காரரும் சிரித்துவிட்டார். அக்காவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. மாஸ்டர் போன பிறகு சோபாவில் ஈரம் பட்ட இடத்தைத் துணியால் அழுத்தித் துடைத்துக்கொண்டே, "படிப்பைப் பாதியில விட்டவன், பேச்சுல மட்டும் குறைச்சல் இல்ல" என்றார். அதற்கப்புறம் அவரைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் 'ஈரத்தலை' என்றுதான் சொன்னார். மகள் முதலில் சண்டை போட்டாள். பிறகு அந்தப் பேச்சையே எடுக்காமல் விட்டுவிட்டாள்.

சில மாதம் கழித்து, குளத்து விளிம்பில் நின்று விசில் ஊதிக்கொண்டிருந்த மாஸ்டர், வலிப்பு வந்து தண்ணீரில் விழுந்தார். அவரிடம் நீச்சல் கற்றுக்கொண்டிருந்தவர்களே அவரைக் கரைக்கு இழுத்துப் போட்டார்கள். மூளையின் முன்பக்கம் ஒரு கட்டி என்று ஸ்கேன் சொன்னது. முதலில் மண்டையில் ஒரு துளை போட்டு ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பார்த்தார்கள். சில வாரம் பொறுத்து மண்டையைத் திறந்து கட்டியையே எடுத்தார்கள்.

அந்தக் கட்டி மெழுகில் பதிந்து, சாயம் ஏறி, மூன்றாம் நாள் அக்காவின் மேசைக்கு வந்தது. ஸ்லைடில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். ஆனால் அந்த வாரம் ஆஸ்பத்திரியில் திறந்தது ஒரே ஒரு மண்டை. அதற்காக ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றிருந்தது அக்காவின் மகள். தன்னைச் சேர்ந்தவர்களின் ஸ்லைடு என்று தெரிந்தால் அதை வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது லேபின் கட்டளை. கொடுக்க மனம் வரவில்லை. யாரோ எண்ணிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்க அவரால் முடியாது. வழக்கம்போல ஓரத்தைப் பார்த்தார். பாப்பா வந்திருந்தது. கண்ணாடியை நகர்த்தினார். மொய்க்கிற இடம் உடனே அகப்பட்டது. இவ்வளவு லேசில் அகப்படாதே என்று ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அக்கா பல மாதமாகத் தேடிக்கொண்டிருந்த இடம் அது.

டாக்டரம்மா பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை எந்த எண்ணும் வெளியே போகக் கூடாது. அக்கா அன்று சாயங்காலமே வீட்டில் சொல்லிவிட்டார்.

"முப்பத்தொண்ணு" என்றார், மகள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே.

"என்னம்மா முப்பத்தொண்ணு?"

"அவனோட நம்பர். நான் எண்ணினேன். ரெண்டு வருஷம் தாங்கினா பெரிய விஷயம். இப்பவே விட்டுடு."

மகள் அப்போதுதான் ஒரு செருப்பைக் கழற்றியிருந்தாள். "டாக்டர் இன்னும் ஒண்ணும் சொல்லலையே."

"டாக்டர் என்ன தனியா சொல்றது? நான் எண்ணிக் கொடுக்கறதைத்தான் அவங்க சொல்லணும்."

மகள் மறுபடியும் செருப்பை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போய்விட்டாள். தலையில் கட்டோடு உறங்கிக் கிடந்தவரின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த எண்ணை யாரிடமும் சொல்லாமல் விடிய விடிய வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் டாக்டரம்மா அக்காவைக் கூப்பிட்டார். இரண்டு பேர் சேர்ந்து பார்க்கிற மைக்ரோஸ்கோப் அது. "அக்கா, நீங்க எண்ணின இடம் இதானா?"

"ஆமா."

"இது ஊசி போன பாதை இல்லையா? காயம் ஆறிக்கிட்டு இருக்கு. சுத்தம் பண்ண வந்த செல்லெல்லாம் பழுப்பா நிக்குது. கட்டி இந்தப் பக்கம் இருக்கு, பாருங்க." டாக்டரம்மா குரலை உயர்த்தவேயில்லை. கண்ணாடியை மெல்ல நகர்த்தினார். நீலம், நீலம், நீலம், எங்கோ ஒரு பழுப்பு. "நான் அஞ்சுன்னு போடறேன். மெதுவா வளர்ற கட்டி. அதோட இன்னொண்ணு அக்கா, இது அறுத்த அன்னிக்கு என்ன வேகம்னு மட்டும்தான் சொல்லும். ஆயுசைச் சொல்லாது. உங்களுக்குத் தெரியாததா?"

கம்ப்யூட்டரைப் பற்றி அக்கா சொல்லும் வாக்கியம் அந்த அறையிலிருந்த எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. மெழுகு சீவுகிறவர் இதற்கெல்லாம் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிற ஆள் இல்லை. அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் கத்தியைத் துடைக்கப் போய்விட்டார்.

சொல்ல வேண்டியது ஒரு வார்த்தை. 'தப்பாக எண்ணிவிட்டேன்' என்று. மகள் போனில் கேட்டாள்.

"அம்மா, ரிப்போர்ட்ல அஞ்சுன்னு இருக்கு."

"ம்."

"முப்பத்தொண்ணு எங்கேர்ந்து வந்துச்சு?"

"அதெல்லாம் சொன்னா உனக்குப் புரியாது."

மகள் சொன்னாள்: "பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லியிருக்கலாம். சண்டை போட்டுக்கிட்டாவது இருந்திருப்போம். அவர் சாவைக் காட்டி என்னை மிரட்டினியே, நீயெல்லாம் ஒரு அம்மாவா?"

கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. அக்காவுக்கு அழைப்பு இல்லை. வீட்டுக்காரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். வந்தவர் ஒரே ஒரு தடவை கேட்டார். "நீ வேணும்னே சொன்னியா, இல்ல தப்பா எண்ணிட்டியா? என்கிட்டயாவது சொல்லு."

அக்கா தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தார். "பொய்க்காரின்னு நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும். எண்ணத் தெரியாதவள்னு மட்டும் எவளும் என்னைச் சொல்லக் கூடாது" என்றார். பெற்ற மகளை இழந்தாலும் பரவாயில்லை, பேரை இழக்க மாட்டேன் என்கிற பிடிவாதம். கண் தானாகப் போய் அங்கே நின்றதா, அவர்தான் கொண்டுபோய் நிறுத்தினாரா என்று அவருக்கே இன்றுவரை தெரியாது. கொடுமை அதுதான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு விசித்திரமான பாஷை உருவாயிற்று. வாரத்தில் ஒருநாள் வீட்டுக்காரர் மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று கிளம்புவார். பாதி நாள் கழித்து, பையில் இரண்டே இரண்டு வெங்காயத்தோடு திரும்புவார். எங்கே போய்விட்டு வருகிறார் என்று இருவருக்கும் தெரியும்.

"மார்க்கெட்ல எல்லாம் எப்படி?" என்று அக்கா வெங்காயத்தைப் பார்த்துக் கேட்பார்.

"நல்லா இருக்கு. மறுபடியும் தண்ணியில இறங்கியாச்சு."

"வெங்காயமா?"

"ஆமா, வெங்காயம்தான்."

மாஸ்டர் நன்றாக இருக்கிறார் என்று கேட்டால் அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். அதே மூச்சில் சுருக்கென்று ஒன்று குத்தும். அக்கா சொன்ன இரண்டு வருடம் போய், இன்னும் ஒன்று போய், இன்னும் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளை பிழைத்துக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் மாமியார் பொய்க்காரி என்று நிரூபணமாகிக்கொண்டிருந்தது. அந்தக் குத்தலை நினைத்துத் தன்னையே காறித் துப்பிக்கொள்ளலாம் போல அவருக்கு இருக்கும். மெழுகு சீவுகிறவரிடம் மட்டும் ஒருமுறை வேடிக்கையாகச் சொன்னார்: "கல்யாணத்துக்குத்தான் என்னைக் கூப்பிடல. ஆனா ரெண்டு பேரையும் முதல்ல ஒரே கண்ணாடியில சேத்து ஒட்டினது நாமதானே?" நிஜம்தான். பழைய ஸ்லைடுகள் அடுக்கிய இரும்பு அலமாரியில், ஒரு கண்ணாடியின் நடுவில் மாஸ்டரின் கட்டியும் ஓரத்தில் மகளின் டான்சிலும் இருந்தன. மெழுகு சீவுகிறவர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் விழித்தார்.

போன மாதம் ஒருநாள் வீட்டுக்காரர் வெங்காயமே இல்லாமல் திரும்பினார். வெறும் பையை ஆணியில் மாட்டினார்.

"மார்க்கெட் என்னாச்சு?"

"தலைவலியாம்" என்றார். "காலையில வாந்தி. ஸ்கேன் எடுக்கப் போறாங்க."

அடுப்பில் பால் பொங்கியது. அடுப்பை அணைக்கக்கூட அக்காவுக்குத் தோன்றவில்லை. வீட்டுக்காரர்தான் போய் அணைத்தார்.

அதே வாரம் மெழுகு சீவுகிறவர் ஒரு மெழுகுக் கட்டியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "அக்கா, பாப்பா தீரப் போகுது. இதான் கடைசிக் கட்டி, இதுலயும் அடி தெரியுது. வேற டான்சிலுக்குச் சொல்லி வெச்சிரலாமா?" என்று கேட்டார்.

"இருக்கற வரைக்கும் சீவு" என்றார் அக்கா. அவர் அப்படிச் சிடுசிடுத்தால் யாரும் மேற்கொண்டு பேசுவதில்லை.

நேற்றுக் காலை அக்காவின் தட்டில் இரண்டு ஸ்லைடுகள் இருந்தன. ஒன்று புதிது. இன்னொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இரும்பு அலமாரியிலிருந்து யாரோ எடுத்து வைத்தது. பழையதன் எண்ணைப் படிக்க வேண்டிய அவசியம் அக்காவுக்கு இல்லை. அந்தக் கண்ணாடியின் மூலையில் இருக்கும் கீறல்கூட அவருக்குத் தெரியும். டாக்டரம்மா இன்னும் வந்திருக்கவில்லை. தட்டை அப்படியே எடுத்துப் போய் அவர் மேசையில் வைத்திருக்கலாம். இந்த முறையும் அக்கா புதிய ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் ஏற்றினார்.

ஓரத்தைப் பார்த்தார். பாப்பா வந்திருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை. கண்ணாடியை நகர்த்தினார். முதலில் ஊசிப் பாதையைத் தேடினார். காயமாக இருக்கட்டும், எப்படியாவது இது காயமாக இருக்கட்டும் என்று தேடினார். இந்த முறை ஊசி போடவில்லை. நேராகத் திறந்துதான் எடுத்திருந்தார்கள். பிறகு, இத்தனை வருட உத்தியோகத்தில் செய்யாத ஒரு காரியம் செய்தார். வெளுத்த இடத்தைத் தேடினார். நீலமாக ஒரு மூலை இருந்தால் போதும், அங்கே நின்றுவிடுவேன் என்று கண்ணாடியை மேலே நகர்த்தினார், கீழே நகர்த்தினார், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டினார். எங்கே போனாலும் மொய்த்துக்கொண்டிருந்தது. தேடித் தேடி, உள்ளதில் வெளுப்பாக ஒரு இடத்தைப் பிடித்து அங்கே எண்ணினார். வலது கைக் கவுண்ட்டர்தான் ஓடியது. இடது கை பெரும்பாலும் சும்மா இருந்தது. எண்ணி முடித்ததும் வகுத்துப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. இரண்டு வருடம் என்று அன்றைக்குச் சொன்னாரே, அதில் கால்வாசி கிடைத்தாலே இப்போது அதிகம்.

வெள்ளைக் கோட்டின் பைக்குள் வலது கையைப் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கையில் கவுண்ட்டர் இருந்தது.

"அக்கா, உங்களைத் தேடி யாரோ வந்திருக்காங்க" என்று வரவேற்பில் இருக்கிற பெண் எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

வராந்தாவில் மகள் நின்றிருந்தாள். ஸ்கேன் படங்கள் உள்ள பெரிய உறையை மார்போடு அணைத்திருந்தாள். மெலிந்திருந்தாள். காதோரம் நரை. அக்காவுக்கு முதலில் கண்ணில் பட்டது வழக்கம்போல அந்த நரைதான். இத்தனை வருடம் கழித்து மகளைப் பார்க்கிறோம், கண் இப்போதும் அங்கேதான் போகிறது என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

"எப்படி இருக்கே?"

"ஸ்லைடு வந்திருச்சா?"

"எந்த ஸ்லைடு?"

"அம்மா, ப்ளீஸ்."

"வந்திருக்கும். டாக்டரம்மாதான் பாப்பாங்க."

"நீ எண்ணக் கூடாது" என்றாள் மகள். வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை மூச்சு விடாமல் கொட்டினாள். "அதைச் சொல்லத்தான் வந்தேன். யார் வேணா எண்ணட்டும், மிஷின் எண்ணட்டும், நீ மட்டும் அதைத் தொடக் கூடாது. உன் வாயால ஒரு நம்பர் நான் இனிமே கேக்க மாட்டேன். அந்த முப்பத்தொண்ணு இன்னும் என் காதுல இருக்கு. அவருக்கு ஒரு தும்மல் வந்தாக்கூட அதான் ஞாபகம் வருது. குழந்தை வேணாம்னு இருந்ததே அதனாலதான், தெரியுமா உனக்கு?"

அக்காவுக்குத் தெரியாது. வீட்டுக்காரர் இதை மார்க்கெட் கணக்கில் சேர்க்கவில்லை.

"பாத்துட்டியா?" என்று மகள் கேட்டாள். "உண்மையைச் சொல்லு."

"இல்ல."

"நிஜமா?"

"நிஜமா. இன்னும் தொடவே இல்ல."

மகள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தோள்கள் இறங்கின. நம்பிவிட்டாள். அம்மா சொன்னதை அவள் நம்பி எத்தனையோ வருடமாகியிருந்தது.

"அன்னிக்கு நான் வேணும்னே சொல்லலடி" என்றார் அக்கா. "தப்பா எண்ணிட்டேன். காயத்தைப் போய் கட்டின்னு எண்ணினேன். எனக்கு எண்ணத் தெரியல."

லேபின் கதவு திறந்துதான் இருந்தது. மெழுகு சீவுகிறவர் கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அக்கா கதவைச் சாத்தவில்லை.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மகள் கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. உறையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். கொஞ்சம் தயங்கி, "அப்போ பயந்தது எல்லாம் சும்மாதானே? அப்படீன்னா இந்தத் தடவையும் கம்மியா இருக்கலாம்ல?" என்றாள்.

"இருக்கலாம்" என்றார் அக்கா.

கோட்டுப் பைக்குள் அவருடைய கட்டைவிரல் கவுண்ட்டரின் திருகைத் தேடிப் போய்விட்டிருந்தது. ஒரே ஒரு திருப்பு. உள்ளே நிற்கிற எண் அழிந்துவிடும். ஆனால் திருகினால் அது செருமும், கட்டிலுக்கு அடியில் கேட்ட அந்தச் சத்தம் மகளுக்குத் தெரியும். அக்கா விரலை அசைக்காமல், கவுண்ட்டரை முழுக் கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மகள் "வரேன்மா" என்று சொல்லி, வராந்தாவின் கோடிக்குப் போய், திரும்பி ஒரு தடவை பார்த்து, படியிறங்கி, செருப்புச் சத்தமும் கேட்காமல் போகும்வரை அந்தக் கையைப் பையிலிருந்து எடுக்கவில்லை.